ரோமாபுரியக்காவின் முப்பத்து நான்கு பேர்

"பூப்லியஸ்!"

சமையலறை வாசலில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ரோமாபுரியக்கா ஒரு குரல் கொடுக்கிறார். வீட்டின் மறுகோடியில், குளியலறைக்குள் முகமெல்லாம் சோப்பு நுரையோடு நிற்கும் அவருடைய கணவர், "வந்துட்டேன்" என்கிறார். அக்காவுக்குத் திருப்தியில்லை.

"என்னங்க இது, மாப்பிள்ளை மாதிரி வரீங்க? இவன் வெந்நீர் அடுப்பு எரிக்கறவன். நாள் பூரா புகையில நிக்கறவன். கொஞ்சம் சலிச்சுக்கிட்டு வாங்க."

"வந்துட்டேன்டீ!"

"ஹாங், இப்ப சரி."

கையிலிருக்கும் அட்டையில் ஒரு பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார். அந்தப் பெயர் தேறிவிட்டது. வீட்டின் ஒரு கோடியிலிருந்து கூப்பிட்டால் மறுகோடியில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பாத பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்கூடைக்குத்தான் போகும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மனிதர் எட்டு வருடமாக இப்படிப் படைவீரனாகவும் பன்றி மேய்ப்பவனாகவும் வந்துகொண்டிருக்கிறார். ஒருமுறை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஆளுநராகக்கூட வந்தார்.

கீழ்வீட்டுக்காரர் ஆரம்பத்தில் படியேறி வந்து சண்டை போட்டவர்தான். காலையும் மாலையும் தலைக்கு மேலே டைட்டஸ், டைட்டஸ் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வளர்க்க வாங்கிய நாய்க்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார். இப்போது அக்கா எந்த டைட்டஸைக் கூப்பிட்டாலும் அந்த நாய் படியேறி வந்து கதவைப் பிராண்டுகிறது. "பாத்தீங்களா, தேறின பேரு" என்று அக்கா அதற்கும் ஒரு கோடு இழுத்துக்கொள்கிறார்.

அக்காவின் தொழில், பழைய ரோமாபுரி மனிதர்களுக்குப் பெயர் செய்வது. கணினி விளையாட்டு தயாரிக்கிறவர்களும் சரித்திரக் கதை எழுதுகிறவர்களும் வந்து, "ஒரு நூறு படைவீரர், இருபது கடைக்காரர், ஒரு கெட்ட மாமியார்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். பெயர் வைக்கிறவர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முகம் சுருங்கிவிடும். "வெக்கறது பெத்தவங்க வேலைங்க. பெத்தவங்க யாருன்னு கண்டுபிடிக்கறதுதான் என் வேலை" என்பார்.

இதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநோயாளிகள் கூடத்தில், பெயர் கூப்பிடும் வேலை பார்த்தார். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடம். இருமலும் குழந்தை அழுகையும் செருப்புத் தேய்ப்புமாக இரைச்சல் காதைப் பிளக்கும். அதற்கு மேலே அக்காவின் குரல் போகும். ஒரே பெயரில் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். அக்கா சளைக்க மாட்டார். "நாலு பேரும் வாங்க. மூக்கு பெருசா ஒருத்தர் உங்க தாத்தாவா? நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. உங்க வீடு பாலத்துக்கிட்டயா? நீங்க இப்படி." ஐந்து நிமிடத்தில் யார் யாருக்கு என்ன முறை என்று பிரித்து உட்கார வைத்துவிடுவார். சித்தப்பா பையன்கள் இரண்டு பேர் பல வருடக் கோபத்தை மறந்து அந்தப் பெஞ்சிலேயே பேசத் தொடங்கியதும் நடந்திருக்கிறது.

ஒரு நாள் காலையில் போனால் சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தது. அது எண்களைக் காட்டியது. டிங் என்று ஒரு சத்தம், ஒரு எண், ஒரு ஆள் எழுந்து போனார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்காவை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே கூப்பிட ஆளே இல்லை, அட்டைப் பெட்டிகள்தான். ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வேண்டாம் சாமி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் திரையைப் பற்றி இன்றைக்கும் பேச்செடுத்தால் எழுந்து போய் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

ரோமாபுரி வந்தது மருமகள் வழியாக. மருமகளுக்கு ஒரு விளையாட்டு நிறுவனத்தில் சுவர், கதவு, படிக்கட்டு வரையும் வேலை. ஒரு ரோமாபுரித் தெருவுக்கு மூன்று கடைக்காரர் பெயர் வேண்டும் என்று இணையத்தில் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்த அக்கா, "அந்த எண்ணெய்க் கடைக்காரருக்கு அப்பா யாரு?" என்று கேட்டார். "அத்தை, அவருக்கு அப்பாவே கிடையாது, நான் நேத்துதான் வரைஞ்சேன்" என்றாள் மருமகள். "அப்பா இல்லாம எப்படி பேரு வரும்?" என்று கேட்டுவிட்டு, அக்கா அடுத்த நாள் நூலகத்துக்குப் போனவர்தான். பழைய கல்லறைக் கல்வெட்டுகளைப் படமாகப் போட்ட தடித்தடிப் புத்தகங்களை நான்கு மாதம் விடாமல் புரட்டினார்.

படிக்கப் படிக்க, ஆஸ்பத்திரிக் கூடமே கண் முன்னால் வந்துவிட்டது. ரோமாபுரி ஆண்களுக்குத் தனிப்பெயரே மொத்தம் இருபதுக்குள். அதையே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார்கள். பிறகு குடும்பப் பெயர். அதிலும் ஆள் அடையாளம் தெரியாமல் போக, மூன்றாவதாக ஒரு பட்டப்பெயர்: மூக்கு நீண்டவன் நாசோ, மாறுகண் உள்ளவன் ஸ்ட்ராபோ, தலை வழுக்கையானவன் கால்வஸ். அக்கா கணவரை ஒரு வருடம் ஆசையாகக் கால்வஸ், கால்வஸ் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வீரம் நிறைந்த பெயர் என்று நினைத்து அவரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். உண்மை தெரிந்த அன்றைக்குத் தொப்பி வாங்கினார்.

பெண்கள் கதைதான் பாவம். குடும்பப் பெயரையே பெண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றி வைத்துவிடுவார்கள். அக்கா தங்கை எல்லோருக்கும் அதே ஒரே பெயர். பிரித்துச் சொல்ல இரண்டாவது, மூன்றாவது என்று எண் சேர்ப்பார்கள். ஐந்தாவது பெண் என்றால் குவின்டா. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் பிறந்த வீட்டில் ஐந்து பெண்கள், இவர் கடைசி. அப்பா வாய் நிறைய இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அஞ்சாவது எங்க? அஞ்சாவது சாப்பிட்டுச்சா?" அவ்வளவுதான். பெரியக்கா தொலைபேசியில் இன்னும், "அஞ்சாவதா பேசறது?" என்றுதான் ஆரம்பிக்கிறார். எட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கில் பெயர் செய்தவர், ஒரு குவின்டாவையும் செய்யவில்லை. கேட்டால், "அது கூப்பிட நல்லாருக்காது" என்பார். ஆனால் அந்தப் பெயரை ஒருநாளும் கூப்பிட்டுப் பார்த்ததில்லை.

அவர் தலைமாட்டுச் சுவரில் ஒரு கடிதம் ஒட்டியிருக்கிறது. முதல் விளையாட்டு வெளியானபோது ஒரு பள்ளி ஆசிரியை எழுதியது. அந்த விளையாட்டில் ஒரு சமையல்கார அடிமைக்கு அக்கா கம்பீரமாக மூன்று பெயர் கொடுத்திருந்தார். 'அடிமைக்கு ஒற்றைப் பெயர்தான், அம்மா. எஜமான் விடுதலை செய்யும்போதுதான் எஜமானுடைய முதலிரண்டு பெயர்களும் அவனுக்கு வரும். பழைய ஒற்றைப் பெயர் மூன்றாவதாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சமையல்காரனை நீங்கள் அறியாமலே விடுதலை செய்துவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தார். வெட்கத்தில் அக்கா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் அந்தக் கடிதம்தான் பிறகு அவரைக் காப்பாற்றியது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் மருமகள் வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு முழு ஊரையே கட்டியது. ஆயிரத்து நூற்று நாற்பது ஜனம். அத்தனை பேருக்கும் அக்கா பதினோரு மாதம் உட்கார்ந்து பெயர் செய்தார். அந்த விளையாட்டின் கதை இதுதான்: ஊர் ரொட்டிக்காரர் மேல் அபாண்டமாக ஒரு பழி விழுகிறது. அவர் ஓடி ஒளிந்துகொள்கிறார். ஆடுபவர் அவரைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற வேண்டும். ஒளிந்திருக்கும் இடம், பொதுக் குளியல் கூடத்து வெந்நீர் அடுப்புக்குப் பின்னால் ஒரு பொந்து.

கதை எழுதியவரிடம் அக்கா கேட்டார்: "அடுப்பு எரிக்கறவன் எதுக்குத் தம்பி உயிரைக் குடுத்து ரொட்டிக்காரரை ஒளிச்சு வெக்கறான்?"

"அவர் நல்ல மனுஷர் மேடம்."

"நல்ல மனுஷங்க ஊர்ல நெறைய பேர் இருக்காங்க. கதவு தொறக்கறதுக்கு ஒரு உறவு வேணும்ல?"

கதை எழுதியவர் தலையைச் சொறிந்தார். அக்கா வீட்டுக்கு வந்து அந்த உறவைப் பெயரிலேயே செய்தார். பூப்லியஸ் நோவியஸ் ரூஃபஸ் என்று ஒரு செம்பட்டைத் தலைப் பணக்காரர், கதை தொடங்குமுன்னே செத்துப்போனவர். அவர் தன் வீட்டு அடிமைகள் முப்பத்து நான்கு பேரை விடுதலை செய்தார். அவர்கள்தான் இன்று ஊர் முழுக்கப் பரவியிருக்கிறார்கள். ரொட்டிக்காரர் பூப்லியஸ் நோவியஸ் ஹிலாரஸ். அடுப்பு எரிப்பவர் பூப்லியஸ் நோவியஸ் ஃபிலோ. மருத்துவச்சி நோவியா எல்பிஸ். இப்படி முப்பத்து நான்கு. ரத்த உறவு இல்லை. ஒரே வீட்டில் ஒன்றாகக் கஷ்டப்பட்ட உறவு. ஊர் வாசலுக்கு வெளியே அந்தப் பணக்காரர் கல்லறையை மருமகள் வரைந்தாள். அதன் மேல் வாசகத்தை அக்கா எழுதினார்.

எல்லாம் முடிந்த நேரத்தில் வந்தான் நொட்டைத் தம்பி. விளையாட்டில் குறை கண்டுபிடிப்பது அவன் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயரை அலுவலகத்தில் எல்லோரும் மறந்து, நொட்டை என்றால்தான் அவனே திரும்புவான். அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து முதலாளி மேஜையில் வைத்தான்.

"முப்பத்து நாலு பேருக்கு ஒரே பேரு சார். மேடம் காப்பி பண்ணிட்டு மாத்த மறந்துட்டாங்க போல."

முதலாளிக்கு வயது முப்பத்தொன்று. நல்ல பையன், ஆனால் நகத்தைக் கடிக்கிற பையன். அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். அக்கா அடிமை, விடுதலை, கல்லறை என்று எல்லாவற்றையும் விளக்கினார். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நீங்க சொன்னதால எனக்குப் புரியுது மேடம். ஆடறவங்களுக்கு யார் சொல்லுவா? சோம்பேறித்தனம்னு திட்டுவாங்க. நம்மகிட்டயே இப்ப பேரு போடற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கு. பட்டனைத் தட்டினா ஆயிரத்து நூத்தி நாப்பது பேரும் ஒரு நிமிஷத்துல வந்துடும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இனிமே எல்லாத்துக்கும் அதையே வெச்சுக்கலாம்னு ஒரு யோசனை."

இனிமே எல்லாத்துக்கும். அக்காவுக்கு அந்த ஆஸ்பத்திரிச் சுவர் கண் முன்னால் வந்து நின்றது. டிங். ஒரு எண். ஒரு ஆள் எழுந்து போகிறார். பதினோரு மாத உழைப்பு மட்டுமில்லை, தொழிலே கையைவிட்டுப் போகிறது. அதைவிட, அந்த முப்பத்து நான்கு பேரும் மறுபடியும் யாரோ யாரோவாக ஆகிவிடுவார்கள்.

வழக்கமாக அவர் ஜன்னல் துடைக்கப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை.

"தம்பி, சனிக்கிழமை வெளியாளுங்க பன்னெண்டு பேரு வந்து ஆடிப் பாக்கப் போறாங்கல்ல? யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க. அதுல ஒரே ஒருத்தர், ஒரே ஒருத்தர் அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டு ரொட்டிக்காரரைக் கண்டுபிடிச்சாப் போதும். யாரும் கண்டுபிடிக்கலைன்னா நானே வந்து அந்தப் பட்டனைத் தட்டறேன்."

முதலாளி நகத்தைக் கடித்தான். சரி என்றான்.

சனிக்கிழமை மத்தியானம். நீளமான கூடம், வரிசையாகப் பன்னிரண்டு திரைகள், தரையெல்லாம் வயர்கள். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அக்காவைக் கடைசியில் ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மருமகள். அவளுடைய மணிக்கட்டை அக்கா பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அந்தத் தழும்பை அவள் இரண்டு நாள் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. கெட்டிக்காரப் பிள்ளைகள் புயல் மாதிரி கிளம்பினார்கள். வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள், கிணற்றில் குதித்தார்கள், ஆளுநரின் குதிரையைத் திருடினார்கள். ரொட்டிக்காரர் கிடைக்கவில்லை. கால் மணி நேரம். அரை மணி நேரம். யாரும் ஒரு பெயரையும் படிக்கவில்லை. நொட்டைத் தம்பி கடிகாரத்தைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தான். "போச்சுடி, எல்லாம் போச்சு" என்று அக்கா மருமகள் காதில் முணுமுணுத்தார்.

கடைசித் திரையில் ஒரு தபால்கார அம்மா இருந்தார். விளையாட்டே ஆடியிராத ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக் கூட்டிவந்தவர். நாற்பத்தைந்து வயது, வெயிலில் கறுத்த கை, விடுமுறை நாளிலும் நடப்பதற்கென்றே போட்ட செருப்பு. முதல் இருபது நிமிடம் அவருடைய ஆள் சுவரில் முட்டிக்கொண்டே நின்றான். நடக்கப் பழகியதும் அவர் ஓடவில்லை. ஒவ்வொரு வாசலாக நின்றார். வாசலை நெருங்கினால் அந்த வீட்டுக்காரர் பெயர் திரையில் தெரியும். அதை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனார். வேறெப்படிப் போவார், இருபது வருடப் பழக்கம்.

"பூப்லியஸ் நோவியஸ் ஏரோஸ், துணி வெளுக்கறவரு. சரி... அட, இங்கயும் ஒரு பூப்லியஸ் நோவியஸ். இந்தம்மா நோவியா. என்னது, தெருவுக்குத் தெரு இருக்கீங்க? ஆனா ஜாடை ஒருத்தருக்கும் ஒத்துப்போகலையே."

மருமகள் மூச்சை இழுத்தாள்.

தபால்கார அம்மா ஊர் வாசலைத் தாண்டிப் போனார். சாலையோரக் கல்லறையில் அதே பெயரைப் பார்த்துவிட்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார்: "பூப்லியஸ் நோவியஸ் ரூஃபஸ்... தனக்கும், தான் விடுவித்தவர்களுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் கட்டியது." கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஓ, இவரு வீட்ல அடிமையா இருந்தவங்களா நீங்கல்லாம்!" என்றார் திரையைப் பார்த்து, நேரில் நிற்பவர்களிடம் பேசுகிற மாதிரி. "ஓடிப்போன ரொட்டிக்காரரும் நோவியஸ்தானே? பழி விழுந்தா மனுஷன் எங்க போவான்? தன் ஆளுங்க வீட்டுக்குத்தான் போவான்."

திரும்பி நடந்தார். துணி வெளுப்பவரிடம் கேட்டார், மருத்துவச்சியிடம் கேட்டார், நேரே குளியல் கூடத்துக்குப் போனார். "இங்க அடுப்பு எரிக்கறவரும் நோவியஸ். இவருதான். அய்யா, பயப்படாதீங்க, கதவைத் தொறங்க."

கதவு திறந்தது. ரொட்டிக்காரர் வெளியே வந்தார். நாற்பத்தோராவது நிமிடம். ஒரு மணி நேரமாவது ஆகும் என்பது நிறுவனத்தார் போட்டிருந்த கணக்கு.

கூடத்தில் அத்தனை பேரும் எழுந்து அந்தத் திரைக்குப் பின்னால் வந்துவிட்டார்கள். முதலாளி வாயிலிருந்து விரலை எடுத்தான். நொட்டைத் தம்பிதான் கேட்டான்: "யாராவது சொல்லிக் குடுத்தாங்களா உங்களுக்கு?"

தபால்கார அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்ப்பா, வாசலுக்கு வாசல் பேரு எழுதி வெச்சிருக்கீங்க. படிக்காம போறதுக்கா?"

அதற்கு மேல் அக்காவால் முடியவில்லை. முக்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார். பத்தொன்பது வருடம் இருநூறு பேர் இரைச்சலுக்கு மேலே போன குரல், ஜன்னல் கண்ணாடி அதிர வெளியே வந்தது.

"பூப்லியஸ் நோவியஸ்!"

பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், நொட்டைத் தம்பி கையைத் தூக்கி, "வந்துட்டேன் மேடம்" என்றான். அடுத்து முதலாளி. அடுத்து பன்னிரண்டு பேரும், கதை எழுதியவரும், தேநீர் கொண்டுவந்த அம்மாவும், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று கத்தினார்கள். அக்கா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மருமகளுக்கே தெரியவில்லை. நொட்டைத் தம்பி தன் தாளை எடுத்து, முப்பத்து நான்கு என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'குறை இல்லை' என்று எழுதினான். அவன் உத்தியோகத்தில் அந்த இரண்டு சொற்களை எழுதியது அதுதான் முதல்முறை என்கிறார்கள்.

எந்தப் பட்டனையும் யாரும் தட்டவில்லை. அடுத்து வரப்போகிற துறைமுகப் பட்டணத்துக்கு மூவாயிரம் பேர் வேண்டும் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டான். அக்கா கிளம்பும்போது வாசல்வரை வந்தான்.

"நம்ம விளையாட்டு ஊர்ல ரொட்டிக்கடை மாடியில ஒரு அறை காலியா இருக்கு மேடம். யாரை வேணா குடி வைங்க. உங்க இஷ்டம்."

அக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்றும் எழுதவில்லை. அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

திங்கட்கிழமை காலை. குளியலறையில் கணவர் முகத்தில் சோப்பு நுரை. சமையலறை வாசலில் அக்கா. கையில் புது அட்டை, அதில் ஒரே ஒரு பெயர், ரொட்டிக்காரரின் ஐந்தாவது மகளுக்கு. கைகளைக் குவித்தார், இறக்கினார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி குவித்தார்.

"நோவியா குவின்டா!"

நல்ல கணீர் குரல். வீட்டின் மறுகோடி வரை போனது. கீழ்வீட்டு நாய்கூட ஒருமுறை குரைத்துவிட்டு நிறுத்தியது. கணவர் வழக்கம்போல வாயைத் திறந்தார்.

அக்கா சட்டென்று கையைக் காட்டி அவரைத் தடுத்தார். அட்டையை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று மறுகோடிக்கு நடந்து வந்து, கணவருக்குப் பக்கத்தில் நின்று, சமையலறைப் பக்கமாகத் திரும்பினார்.

"வந்துட்டேன்" என்றார்.